எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால்? பங்கேற்பு பட்ஜெட் பற்றி ஓர் எளிய அறிமுகம்

எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டம், அதாவது வார்டின் ஒரு பகுதியில் குடியிருப்பவர்கள் கூடிக் குறைகளைப் பேசும் கூட்டம், ஒரு பள்ளிக்கூட வராண்டாவில் நடந்தது. ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள், முப்பது பேர் வந்திருந்தோம். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி மூன்று நாளாக வரவில்லை, மேன்ஹோல் மூடி உடைந்து கிடக்கிறது, மழை பெய்தால் நான்காவது குறுக்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று ஆளாளுக்குச் சொல்ல, பொறியாளர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசி வரிசையிலிருந்து இட்லிக்கடை அம்மா எழுந்தார். “தம்பி, எழுதிக்கிறது இருக்கட்டும். போன கூட்டத்துல எழுதினீங்களே, அது என்னப்பா ஆச்சு?” பொறியாளர் கொஞ்சம் தயங்கிவிட்டு, “அது எனக்கு முன்னாடி இருந்த சார் எழுதினதும்மா. அந்த நோட்டு எங்க இருக்குன்னு பார்க்கணும்” என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் அந்த அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. நகரத்தில் குடியிருப்பவர்கள் தங்கள் பகுதியைப் பற்றிய முடிவுகளில் பங்கெடுக்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று உரசிப் பார்க்க அதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியையே விதியாக வைத்து நடந்த ஊர் ஒன்று உண்டு. அங்கே போவதற்கு முன் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

மேலிருந்தும் கீழிருந்தும்

நம் ஊரில் ஒரு மழைநீர் வடிகால் எப்படி வருகிறது? மேலே ஏதோ ஒரு திட்டத்தில் பணம் ஒதுக்குகிறார்கள். அந்தத் திட்டத்துக்குப் பொருந்தும் வேலைகளை மண்டல அலுவலகம் பட்டியல் போடுகிறது. பிறகு எஸ்டிமேட், டெண்டர், ஒர்க் ஆர்டர். ஒரு நாள் காலையில் ஜே.சி.பி. வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெருவுக்கே விஷயம் தெரியும். உண்மையில் வடிகால் தேவைப்பட்டது அடுத்த தெருவுக்காக இருக்கலாம். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே தேங்கும் என்பது அங்கே இருபது வருடமாகக் குடியிருப்பவருக்கு அத்துப்படி. அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மேலிருந்து வரும் முடிவு என்பது இதுதான்.

கீழிருந்து முடிவெடுப்பது என்றால் இந்த வரிசையைத் திருப்பிப் போடுவது. தெருக்காரர்கள் முதலில் கூடி, எது அவசரம், எது பொறுக்கலாம் என்று தங்களுக்குள் பேசி முடிவுக்கு வருகிறார்கள். அது வார்டுக்குப் போகிறது, அங்கிருந்து நகரத்துக்குப் போகிறது. பொறியாளரும் கணக்கு அலுவலரும் அதற்கு வரைபடமும் விலையும் போடுகிறார்கள். அவர்கள் இல்லாமல் முடியாது. குழாயின் விட்டத்தையும் சரிவையும் கை தூக்கித் தீர்மானிக்க முடியுமா? ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் என்பது பொறியியல் கேள்வியே இல்லை. அது நியாயத்தைப் பற்றியது. அதைத் தெருக்காரர்கள் சேர்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

இந்த இடத்தில் மூன்று விஷயங்களைப் பலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். மனு கொடுக்கும்போது நாம் கேட்கிறோம், தருவதும் தராததும் அவர்கள் கையில். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவர்கள் கேட்கிறார்கள், நாம் சொல்கிறோம், அதற்குப் பிறகு முடிவு மறுபடியும் அவர்கள் கையில். மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். இவ்வளவு பணம் இருக்கிறது, இன்ன விதிப்படி நீங்கள் சொல்லும் வேலைக்குத்தான் அது போகும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு மக்களைக் கூட்டுவது. இதற்குத்தான் பங்கேற்பு பட்ஜெட் என்று பெயர்.

1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் இந்த வேறுபாட்டை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக எழுதினார். அமெரிக்க நகரங்களின் ஏழைப் பகுதிகளைச் சீரமைக்கும் அரசுத் திட்டத்தில், மக்கள் பங்கேற்புக்கு ஆலோசகராக இருந்தவர் அவர். அடிப் படிகளில் மக்களை ஏய்ப்பதும், குறை அவர்களிடம்தான் என்பதுபோல் ‘சிகிச்சை’ கொடுப்பதும். நடுப் படிகளில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் சமாதானப்படுத்தி அனுப்புவதும். மேல் மூன்று படிகளில்தான் அதிகாரம் கொஞ்சமாவது கைமாறுகிறது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நாம் இப்போது எந்தப் படியில் நிற்கிறோம் என்று கேட்டுக்கொள்ள அந்த ஏணி இன்றும் உதவுகிறது.

போர்ட்டோ அலெக்ரே

பிரேசிலின் தென்கோடியில் உள்ள ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தின் தலைநகரம்தான் முன்பு நான் சொன்ன ஊர். பெயருக்கு ‘மகிழ்ச்சித் துறைமுகம்’ என்று பொருள். மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 1964 முதல் 1985 வரை பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்தது. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர்கள் விளிம்புகளிலும் மேடுகளிலும் வீடு கட்டிக்கொண்டார்கள். அந்தப் பகுதிகளில் தார்ச்சாலை இல்லை, பாதாளச் சாக்கடை இல்லை. ஒரு தெருக்குழாய் வேண்டுமென்றால் ஓர் அரசியல்வாதியின் தயவு வேண்டும், தயவுக்கு விலை ஓட்டு. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதில்லை.

அந்த மக்கள் தெருவுக்குத் தெரு குடியிருப்போர் சங்கம் வைத்தார்கள். 1983-இல் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆயின. 1986-இல் அந்தக் கூட்டமைப்பு ஒரு கோரிக்கையை முன்வைத்தது: நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் முடிவு செய்யும் உரிமை எங்களுக்கும் வேண்டும். இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பங்கேற்பு பட்ஜெட்டை ஒரு கட்சி கண்டுபிடித்ததாகத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். கட்சி பதவிக்கு வருவதற்கு முன்பே கேள்வி தெருவிலிருந்து எழுந்துவிட்டது. 1988 தேர்தலில் தொழிலாளர் கட்சி வென்றது, வங்கி ஊழியர் சங்கத் தலைவராக இருந்த ஒலீவியோ டுட்ரா 1989-இல் மேயர் ஆனார், கதவு திறந்தது.

திறந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. வருமானத்தில் பெரும் பகுதி ஊழியர் சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. மக்கள் கூடி நீண்ட பட்டியல் கொடுத்தார்கள், அதில் மிகக் கொஞ்சம்தான் நடந்தது. 1990-இல் கூட்டங்களுக்கு ஆயிரம் பேர்கூட வரவில்லை. இந்தத் தோல்வியிலிருந்து நகராட்சி சரியான பாடத்தைப் படித்தது. மக்களைக் கூட்டுவதற்கு முன் பணத்தைத் திரட்ட வேண்டும். சொத்து வரியை, வசதி உள்ளவர்கள் கூடுதலாகக் கட்டும்படி திருத்தினார்கள். பிரேசிலின் 1988 அரசியல் சட்டமும் நகரங்களுக்கு வரும் வரிப் பங்கைக் கூட்டியிருந்தது. வேலைகள் கண்ணில் தெரியத் தொடங்கின, 1992-இல் வந்தவர்கள் எண்ணிக்கை ஏழாயிரத்தைத் தாண்டியது. தொண்ணூறுகளின் முடிவில் பல்லாயிரம் பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

நகரத்தை 16 பகுதிகளாகப் பிரித்தார்கள். அலுவலக வரைபடத்தில் கோடு போடாமல், சங்கங்களோடு பேசி, மக்கள் எதைத் தங்கள் பகுதி என்று நினைக்கிறார்களோ அதை ஒட்டிப் பிரித்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் மார்ச், ஏப்ரல் வாக்கில் பகுதிக்கு ஒரு பெரிய கூட்டம். அதில் முதல் வேலை புதுக் கோரிக்கை கேட்பது இல்லை. போன ஆண்டு ஒப்புக்கொண்ட வேலைகளில் எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எது தொடங்கவே இல்லை, ஏன் என்று மேயரும் அதிகாரிகளும் மக்கள் முன் நின்று கணக்குச் சொல்ல வேண்டும். எங்கள் இட்லிக்கடை அம்மா கேட்டதற்குப் பதில் அங்கே நிகழ்ச்சி நிரலிலேயே இருந்தது. நோட்டைத் தேட வேண்டியதும் இல்லை. எந்தப் பகுதியில் எந்த வேலை என்று முழுப் பட்டியலையும் அச்சிட்டு ஆண்டுதோறும் புத்தகமாகக் கொடுத்துவிடுவார்கள். கையில் புத்தகத்தோடு வருபவரிடம் எதையும் மழுப்ப முடியாது.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் தெருக்களிலும் குடியிருப்புகளிலும் சிறு கூட்டங்கள். கூட்டத்துக்கு வந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் பிரதிநிதிகள். நிறையப் பேரைக் கூட்டி வரும் தெருவுக்கு அதிகப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள் என்பதால், அண்டை வீட்டைத் தட்டி அழைத்துவர எல்லோருக்கும் காரணம் இருந்தது. பிரதிநிதிகள் பகுதி முழுவதையும் சுற்றிப் பார்ப்பதும் உண்டு. தன் தெருவின் பள்ளத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர், மேட்டுக் குடியிருப்பில் சாக்கடை வாசலில் ஓடுவதைப் பார்த்துவிட்டுத் தன் கோரிக்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கத் தயாராவார். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஜூன், ஜூலையில் இரண்டாவது சுற்று. ஒவ்வொரு பகுதியும் பட்ஜெட் மன்றத்துக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஓராண்டுப் பதவி, ஒருமுறைதான் மறுபடியும் வரலாம், சரியில்லை என்றால் தேர்ந்தெடுத்தவர்களே திரும்ப அழைத்துக்கொள்ளலாம். அரசின் பிரதிநிதிகள் மன்றத்தில் உட்காரலாம், பேசலாம், ஓட்டுப் போட முடியாது. நகரத்தின் முதலீட்டுப் பணம், அதாவது சாலை, சாக்கடை போன்ற புது வேலைகளுக்கான பணம், எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பதை இந்த மன்றம்தான் பேசித் தீர்த்தது. ஆண்டு விதிகளைத் திருத்துவதும் இந்த மன்றம்தான்.

சத்தம் போடாமல் பங்கு பிரிப்பது எப்படி?

16 பகுதிகளும் ‘எனக்கு முதலில்’ என்று கேட்டால் என்ன செய்வது? இதற்கு அவர்கள் ஒரு மதிப்பெண் முறையை வைத்தார்கள். மூன்று கேள்விகள்: பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவாக இருக்கிறது? அந்தப் பகுதி மக்கள் அந்த வேலைக்கு எத்தனையாவது இடம் கொடுத்திருக்கிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எடை. எடைகளை மன்றமே அவ்வப்போது மாற்றியது.

விளங்குவதற்காக நானே எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். ஓர் ஊரில் 48 கிலோமீட்டர் சாலை போடப் பணம் இருக்கிறது, பகுதிகள் இரண்டு. முதல் பகுதியில் 60,000 பேர். தெருக்களில் பத்தில் ஒரு பங்குதான் மண் சாலை. சாலைக்கு அவர்கள் கொடுத்த இடம் நான்கு. இரண்டாவது பகுதியில் 20,000 பேர்தான், ஆனால் பத்தில் ஏழு தெருக்கள் மண் சாலை. அவர்களுக்குச் சாலைதான் முதல் தேவை. மதிப்பெண் ஒன்று முதல் நான்கு வரை. மக்கள்தொகைக்கு எடை 2, பற்றாக்குறைக்கு 4, மக்கள் கொடுத்த முன்னுரிமைக்கு 4 என்று வைத்துக்கொள்வோம். முதல் பகுதிக்கு மக்கள்தொகையில் 3, பற்றாக்குறையில் 1, முன்னுரிமையில் 1. எடையோடு பெருக்கிக் கூட்டினால் 6 + 4 + 4 = 14. இரண்டாவது பகுதிக்கு 1, 4, 4. அதாவது 2 + 16 + 16 = 34. சாலையும் அதே விகிதத்தில் பிரியும்: முதல் பகுதிக்கு 14 கிலோமீட்டர், இரண்டாவதற்கு 34.

மூன்று மடங்கு மக்கள் உள்ள பகுதிக்குக் குறைவான சாலை! அந்தப் பகுதிக்காரர் எழுந்து ஏன் என்று கேட்டால், கரும்பலகையில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டலாம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ‘பட்ஜெட் எல்லாம் சாதாரண ஜனங்களுக்கு விளங்காது’ என்று சொல்பவர்களுக்கு என் பதில் இந்தக் கணக்குதான். விளங்காதபடி எழுதினால் யாருக்கும் விளங்காது.

பலன் என்ன? 1989-இல் குடிநீர், கழிவுநீர் வசதி இரண்டும் சேர்ந்து நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் இருந்தன. 1996 முடிவில் 98 சதவீத வீடுகளுக்குக் குடிநீர் இணைப்பும், 85 சதவீதத்துக்குப் பாதாளச் சாக்கடையும் இருந்தன. அதே 1996-இல் இஸ்தான்புல்லில் ஐ.நா. நடத்திய குடியிருப்பு மாநாடு இந்த முறையைச் சிறந்த முன்மாதிரிகளில் ஒன்றாக எடுத்துக் காட்டியது. ஏழைகளும் பெண்களும் கூட்டங்களுக்குத் திரளாக வந்தார்கள். அவர்கள் வந்தது அழைப்பிதழைப் பார்த்து இல்லை, போன ஆண்டு சொன்ன சாக்கடை இந்த ஆண்டு வந்ததைப் பார்த்து.

இதற்கு எல்லையும் உண்டு. தெரு தெருவாகக் கேட்டால் தெருவின் தேவை கிடைக்கும், ஊரின் தேவை கிடைக்காது. என் தெருத் தண்ணீரை அடுத்த தெருவுக்குத் தள்ளும் வடிகாலை நான் சந்தோஷமாகக் கேட்பேன். அது கடைசியில் எந்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போகும் என்பதை யாராவது நகரம் முழுவதையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 1994-இல் போக்குவரத்து, கல்வி, நலவாழ்வு போன்ற துறைகளுக்கு நகரம் முழுவதற்குமான தனிக் கூட்டங்களைச் சேர்த்தது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

இன்னொரு பலவீனம் ஆழமானது. இந்த முறை தனிச் சட்டமாகக் கட்டப்படவில்லை. விதிகளை மக்களே ஆண்டுதோறும் திருத்திக்கொள்ளும் சுதந்திரம் வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். நல்ல காரணம்தான். ஆனால் 2004 தேர்தலில் தொழிலாளர் கட்சி தோற்றது. பதவிக்கு வந்தவர்கள் பங்கேற்பு பட்ஜெட் என்ற பெயரை நீக்கவில்லை, கூட்டமும் நடந்தது. ஒப்புக்கொண்ட வேலைகள் மெல்லத் தேங்கின, கணக்குச் சொல்வது தளர்ந்தது. 2017-இல் கூட்டங்களையே நிறுத்தி வைத்தார்கள். உலகம் முழுக்க நகரங்கள் நகலெடுத்த ஒரு முறை, பிறந்த ஊரிலேயே இப்படி வாடியது.

நம் பக்கம்

இந்தியாவில் கதை ஒரு விசித்திரத்தோடு தொடங்குகிறது. 1992 டிசம்பரில் ஒரே நாடாளுமன்றம் இரண்டு திருத்தங்களை நிறைவேற்றியது. 73-ஆவது திருத்தம் கிராமத்துக்கு. வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினராக உள்ள கிராம சபையை அது அரசியல் சட்டத்தில் எழுதிவைத்தது. 74-ஆவது நகரத்துக்கு; அதில் வாக்காளர் எல்லோரும் கூடும் சபை இல்லை. மூன்று லட்சம் மக்களும் அதற்கு மேலும் உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்பதோடு நின்றுவிட்டது. ஊராட்சியில் இருக்கும்போது கை தூக்கிக் கேள்வி கேட்கும் உரிமை உள்ளவர், நகரத்துக்குக் குடிபெயர்ந்ததும் அதை இழந்துவிடுகிறார்.

கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே கொடுத்தது. பணத்தை முதலில் கீழே இறக்கிவிட்டு, பிறகு கூடிப் பேசச் சொன்னார்கள். அதனால்தான் அங்கே பேச்சுக்கு எடை இருந்தது.

தமிழ்நாட்டு நகரங்களில் 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களே இல்லை. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து, அதே ஆண்டில் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் வந்தன. உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ஆம் தேதி முதல் சபைகள் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். சென்னையில் 200 வார்டுகள், ஒரு வார்டில் பத்துப் பகுதிகள். கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. இது பெரிய அடி, நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நகரத்துக்காரருக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது.

ஆனால் குழுவின் உறுப்பினர்களை அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். இந்தச் சபை சொல்வதற்கு என்று ஒதுக்கிய தொகை எதையும் எங்கள் கூட்டத்தில் யாரும் சொன்னதில்லை. எந்த வேலை முதலில் என்பதற்கு எழுதிவைத்த கணக்கும் இல்லை. நல்ல கவுன்சிலர் இருந்தால் நடக்கிறது, இல்லாவிட்டால் நோட்டில் தூங்குகிறது.

‘நமக்கு நாமே’ திட்டத்தையும் இந்த இடத்தில் பார்க்க வேண்டும். பொதுவாக, வேலையின் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். பூங்கா, பள்ளிக் கட்டடம் என்று நல்ல வேலைகள் அதில் நடக்கின்றன, போட்டவர்களுக்கு அந்த வேலை மேல் அக்கறையும் இருக்கிறது. ஆனாலும் என் மனம் முழுதாக ஒப்பவில்லை. மூன்றில் ஒரு பங்கைத் திரட்டும் தெரு எது? வசதியான தெரு. போர்ட்டோ அலெக்ரேயின் கணக்கில் இல்லாமைக்கு மதிப்பெண் கூடும். இங்கே கையிருப்புதான் கதவைத் திறக்கிறது.

யார் வருகிறார்கள் என்பதும் முக்கியம். வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் ஓய்வு பெற்றவர்களும் சொந்த வீட்டுக்காரர்களும் வருவார்கள். வாடகைக்கு இருப்பவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண், தூய்மைப் பணியாளர், ஆட்டோ ஓட்டுபவர் வர முடியாது. கால்வாய் ஓரத்து வீடுகளில் இருப்பவர்கள், கூப்பிட்டாலும் தங்களை எழுப்பிவிட்டு வேறெங்கோ அனுப்புவார்களோ என்ற பயத்தில் ஒதுங்கியே நிற்பார்கள். முதலில் தண்ணீர் ஏறுவது அவர்கள் வீட்டில்தான். ஞாயிறு மாலை, அவர்கள் தெருவிலேயே நாலு நாற்காலி போட்டால் கூட்டத்தின் முகமே மாறிவிடும்.

நீங்கள் முதல்முறை போகிறீர்கள் என்றால் சில நடைமுறை விஷயங்கள். மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் மார்ச் வாக்கில் வருகிறது, அதற்கான பட்டியல் சில மாதங்கள் முன்பே தயாராகிவிடும். மழை நின்ற கையோடு, டிசம்பருக்குள் கோரிக்கையைக் கொடுத்துவிடுவது நல்லது. தனியாகப் போகாமல், தெருவில் பத்து வீட்டையாவது சேர்த்து, ஒரே ஒரு வேலையை முதலிடத்தில் வைத்து எழுதுங்கள். தண்ணீர் எந்த மூலையில், எத்தனை மணி நேரம், எத்தனை வீட்டு வாசலில் நின்றது என்று போட்டோவும் தேதியும் சேருங்கள். கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைக் காட்ட மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதன் நகலைக் கேட்கலாம். அடுத்த கூட்டத்தில் யாரும் புதுக் குறை சொல்லத் தொடங்குவதற்கு முன், அந்தப் பழைய எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் வார்டில் இப்போது இட்லிக்கடை அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். கடையில் சட்னி வாளிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கூட்டத்தில் என்ன சொன்னோம், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று அவர் பேத்தி அதில் தேதி போட்டு எழுதுகிறாள். நான்காவது குறுக்குத் தெரு வடிகால் முதல் பக்கத்தில் இருக்கிறது, இன்னும் அடிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் இருந்த மேன்ஹோல் மூடியைப் போன மாதம் சிவப்பு மையில் அடித்தாள்.